பொடி ஈக்கள் பிறந்த இடம்

ஏரி நடுவே தீவாகக் கிடந்த பசியாவரத்தில் குளிப்பதற்கென்று சுவர் எழுப்பிய ஆள் துளசிங்கம் ஒருவன்தான். மற்றவர்கள் ஓலைத் தட்டியை நட்டு மறைத்துக்கொண்டு குளித்தார்கள்; அதற்கும் சோம்பல்பட்டவர்கள் ஏரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் துணியோடு வீடு வந்தார்கள். துளசிங்கம் அக்கரையில், ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில், யாரோ ஒரு வியாபாரி வீட்டுக் குளியல் அறையைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. உடைந்த ஒல்லாந்துச் செங்கல்லைப் படகு படகாகக் கொண்டுவந்து, சிப்பிச் சுண்ணாம்பு அரைத்து, வீட்டுக்குப் பின்னால் அறையைக் கட்டியே விட்டான். மேலே பனையோலைக் கூரை. கீழே உட்கார்ந்து குளிக்க ஒரு பெரிய கல். தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போக ஒரு தூம்பு. ஊரே வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, "கவர்னரு குளிக்கப் போறாரு, வழி உடுங்க" என்று பல நாள் கேலி செய்தது.

அந்த அறையில்தான் இப்போது பொடி ஈ மொய்த்தது. ஒன்று எள்ளில் பாதிகூட இருக்காது. சுவரில் கையை ஊன்றினால் கரித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். துளசிங்கத்தின் மனைவி தெய்வநாயகி குழந்தையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றும்போது அதன் கண்ணிலும் மூக்கிலும் விழும். குழந்தை வீறிட்டு அழும். அப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளை அது. துளசிங்கம் ஒல்லாந்தர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, பல மாதக் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குப் போனபோது வயிற்றில் இருந்தது. இப்போது தவழ ஆரம்பித்துவிட்டது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அப்பன் வந்து வைக்கட்டும் என்று தெய்வநாயகி சொல்லிவிட்டாள்.

ஆனால் அப்பன் வரவேண்டிய காலம் கடந்துவிட்டது. பத்தாவியா போன மற்றக் கப்பல்கள் கோட்டைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சரக்கை இறக்கி, திரும்பவும் போய்விட்டன. துளசிங்கம் போன கப்பலைப் பற்றி எவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது ஈ வந்தால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அம்மணிக்குத் தொழில் கருவாடு காயவைப்பது. அதைவிட முக்கியமான தொழில், அடுத்த வீட்டில் நடப்பதற்கெல்லாம் அர்த்தம் சொல்வது. அவள் ஒரு நாள் குளியல் அறைக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, முகத்தை வேண்டிய அளவு தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"சொல்றனேன்னு தப்பா நெனச்சிக்காத தெய்வா. கடல்ல செத்துப் பூட்டவன் தாகத்தோட வருவான். தண்ணி பொழங்கற எடத்துல இப்டித்தான் பூச்சியா மொய்ப்பான். எங்க சித்தப்பாகூட இப்டித்தான் வந்தாரு."

"உங்க சித்தப்பா வயித்துவலில செத்தாரு."

"செத்தது கரையில. ஆனா கடலுக்குப் போய்க்கினு இருந்தவருதான."

அம்மணியின் பேச்சோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டவள் இருசம்மாள். துளசிங்கத்தின் அக்கா. தாய் செத்தபிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். அந்த வீட்டில் உலை வைப்பதும் இறக்குவதும் அவள் சொல்படிதான். அவள் நேராக ஊர்ப் பெரியதனக்காரர் அங்கமுத்துவிடம் போய், "அம்மணி சொல்றது நெசமாத்தான் இருக்கும். எங்க ஊட்டுல செய்யவேண்டியத செஞ்சிடலாம். எந்தம்பி தாகத்தோட அலைய வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

செய்யவேண்டியது என்றால் தெய்வநாயகியின் தாலியைக் கழற்றுவது. அமாவாசையன்று ஊர்க்காரர்கள் வருவதாகப் பேச்சாயிற்று.

தெய்வநாயகிக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இருசம்மாள் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. மடியில் போட்டதில்லை, குளிப்பாட்டியதில்லை, அது தவழ்ந்து அவள் காலடிக்குப் போனாலும் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். என்னைப் பிடிக்கவில்லை, என் பிள்ளையையும் பிடிக்கவில்லை, போகட்டும் என்று தெய்வநாயகி விட்டுவிட்டாள். ஆனால் இப்போது தன் கழுத்திலேயே கை வைக்கிறாளே. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் அங்கமுத்துவின் வீட்டுக்குப் போனாள்.

அங்கமுத்து நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. எவர் கடைசியாக வந்து பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்கிற மனிதர்.

"மாமா, ஈன்னு ஒண்ணு இருந்தா அது எங்கனா பொறந்துதான ஆவணும்?"

"ஆவணும்."

"அது பொறந்த எடத்த நான் காட்டறேன். காட்டிட்டா அது ஈ. காட்ட முடியலன்னா நீங்க சொல்றமாரி வெச்சிக்கலாம்."

அங்கமுத்து ஊசியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "காட்டும்மா. நீ காட்டினா நாங்க இன்னாத்துக்கு உன் ஊட்டுப் படி ஏறப் போறோம்."

புருஷன் செத்திருந்தால்? அந்தக் கேள்வி அவளுக்கும் ராத்திரியில் வராமல் இல்லை. வந்தால் வரட்டும், சேதி வந்தால் அழுது தீர்க்கலாம். ஈ வந்ததற்கெல்லாம் தாலியை அறுத்துக் கொடுக்க அவள் தயாராக இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேட ஆரம்பித்தாள்.

முதலில் தூம்பு. யாராயிருந்தாலும் அங்கேதான் தொடங்குவார்கள். குச்சியை விட்டுக் குடைந்தாள். தலைமயிரும் சீயக்காய்ச் சக்கையும் சேர்ந்து கொழகொழவென்று ஒரு கட்டி வந்தது. அந்த நாற்றத்திலேயே அவளுக்குச் சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டோம் என்று முடிவே கட்டிவிட்டாள். தேங்காய் நாரால் தேய்த்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சிப்பிச் சுண்ணாம்பை அள்ளி உள்ளே கொட்டினாள். தூம்பு பளிச்சென்று ஆகிவிட்டது. மறுநாள் காலையில் ஈக்கள் எப்போதும்போல் சுவரில் உட்கார்ந்திருந்தன.

அடுத்து, தண்ணீர் போய்த் தேங்குகிற முருங்கையடிப் பள்ளம். அதை மணல் போட்டு மேடாக்கினாள். அறைக்குள் அடுக்கியிருந்த விறகை வெளியே எடுத்து வெயிலில் போட்டாள். பழைய தேய்ப்பு நாரை எரித்தாள். ஈ குறையவில்லை. அம்மணி வேலியோரம் வந்து நின்று, கையில் கருவாட்டுக் கூடையோடு, பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். பார்ப்பதற்குக் காசா பணமா?

தெய்வநாயகி உட்கார்ந்து யோசித்தாள். அவளைப் பெற்ற நைனா ஏரியில் இறால் பிடிக்கிறவர். எந்த ஓடை வழியாக இறால் வருகிறது என்று தெரியாவிட்டால் அவர் தண்ணீரையே முறைத்துக்கொண்டு நிற்கமாட்டார். ஓடைக்கு ஓடை ஒரு வலையைக் கட்டிவிட்டு வந்து படுத்துவிடுவார். எந்த வலை கனக்கிறதோ அந்த வழி. ஈக்கு வலை கட்ட முடியாது, ஆனால் எண்ணெய் தடவலாமே. படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெய் வீட்டில் இருந்தது. பழைய கலயங்களைத் தேடி எடுத்து, உள்ளே எண்ணெய் தடவி, தூம்பின் வாயில் ஒன்று, சுவர் வெடித்த மூலையில் ஒன்று, கல்லின் இடுக்கில் ஒன்று, வெந்நீர் அடுப்புப் பக்கம் ஒன்று என்று கவிழ்த்து வைத்தாள். எண்ணெய்க் கையால் பிடித்துப் பிடித்துக் கவிழ்த்ததில் கலயங்களின் வெளிப்பக்கமும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

விடிந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். உள்ளே ஒன்றிலும் ஓர் ஈகூட ஒட்டவில்லை.

அப்போது மிச்சமிருந்தது கல் ஒன்றுதான். ஓரத்தில் மட்டும் கலயம் வைத்து என்ன பயன். இத்தனை பெரிய கல்லுக்கு நடுவிலே, அடியிலே, ஏதாவது அழுகிக் கிடந்தால்? அன்றைக்கு அமாவாசை. ஊர்க்காரர்கள் உச்சிப்பொழுதுக்கு வந்துவிடுவார்கள். படகு தள்ளுகிற கழியைக் கொண்டுவந்து கல்லுக்கு அடியில் கொடுத்து, தன் முழு பாரத்தையும் போட்டு நெம்பினாள். கல் அசைந்தது. இன்னொரு தம் கட்டினாள். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் போய் நின்றது.

அடியில் ஈர மணல். அதில் ஒரு சின்ன நண்டு. வெளிச்சம் பட்டதும் ஓடி மறைந்தது. அவ்வளவுதான்.

வாசலில் இருசம்மாள் நின்றிருந்தாள். "எந்தம்பி தூக்கியாந்து போட்ட கல்லு. அதையும் பேத்துட்டியா."

"திரும்பப் போட்டுடுவேன்."

"போடு. போட்டுட்டு மொகம் கழுவிக்க. அவுங்க வர்ற நேரம்."

அவள் போய்விட்டாள். தெய்வநாயகி சாய்ந்த கல்லின்மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு அழவேண்டும்போல இருந்தது. ஆனால் அழுதால் அதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள் என்று பல்லைக் கடித்தாள். காலால் ஒரு கலயத்தை எட்டித் தள்ளினாள். அது உருண்டு போய்க் குப்புற நின்றது. அதன் முதுகைப் பார்த்தவள் அப்படியே குனிந்தாள்.

கலயத்தின் வெளியே, அவளுடைய எண்ணெய்க் கை பட்ட இடத்தில், ஈக்கள் ஒட்டியிருந்தன. மற்றக் கலயங்களையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அப்படித்தான். பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. கவிழ்த்து வைத்தபோது வானத்தைப் பார்த்திருந்த அந்த முதுகுப்பக்கத்தில் மட்டும் கறுகறுவென்று அப்பியிருந்தன. தரையிலிருந்து கிளம்பியிருந்தால் இப்படியா ஒட்டும்? இவை மேலேயிருந்து விழுந்தவை.

மெல்லத் தலையைத் தூக்கினாள்.

மேலே கூரையை ஒட்டி ஒரு மாடம். மாடத்தில் ஒரு மண்பானை. அதன் வாயில் துளசிங்கத்தின் துண்டு கட்டியிருந்தது.

அது இந்தக் குடும்பத்து வழக்கம். ஊரில் வேறு எவருக்கும் கிடையாது. இந்த வீட்டு ஆண்பிள்ளை கரை மறையும் தூரம் போகிறான் என்றால், புறப்படும் நாளில் குளிப்பான். ஆனால் முழுதாகக் குளிக்கமாட்டான். பாதிப் பானைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மீதியை அப்படியே வைத்து, தன் துண்டால் வாயைக் கட்டிவிட்டுப் போவான். திரும்பி வந்து அந்த மீதித் தண்ணீரைத் தலையில் ஊற்றினால்தான் குளியல் முடியும். குளியலைப் பாதியில் விட்டவன் வந்துதானே ஆகவேண்டும்? துளசிங்கமும் போகும்போது அந்தப் பானையை அவனே மாடத்தில் ஏற்றி வைத்து, "எவளும் இத்த எடுத்துக் குளிச்சிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே போனான்.

தெய்வநாயகி தினமும் காலையில் அண்ணாந்து அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுவாள். அறை முழுவதையும் அலசியவள் அதை மட்டும் தேடவில்லை. கும்பிடுகிற இடத்தில் போய் எவள் ஈயைத் தேடுவாள்?

வெளியே கிடந்த விறகுக் கட்டையைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறினாள். துண்டு முழுவதும் ஈ. பானையைத் தொட்டாள். ஜில்லென்று வியர்த்திருந்தது. மெல்லத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது.

"எறக்காத" என்று பின்னால் குரல் கேட்டது. இருசம்மாள் திரும்பி வந்திருந்தாள். "அத்த மட்டும் தொடாத, நாயகி."

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. தெய்வநாயகி பானையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கீழே வைத்து, துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஈக்கள் புகை மாதிரி எழும்பின. பானையின் உள்சுவர் முழுக்கக் கொழகொழவென்று பாசி பிடித்து, அதில் நூல் நூலாகப் புழு நெளிந்தது. புளித்த கஞ்சி வாடை. தண்ணீர் கழுத்துவரை இருந்தது.

"அக்கா, இது நெறஞ்சி கீது."

இருசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரு கட்டி வெச்சப்ப பாதிதான் இருந்துது. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். வெறும் மண்பானை. ஒரு கோடையே போயிட்டுது. இது எப்டிக்கா நெறையும்?"

இருசம்மாள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வத்திப்போச்சிடி" என்றாள். "எப்பவோ வத்திப்போச்சி. நீ முழுவாம இருந்த. வாந்தி எடுத்துக்கினு சுருண்டு கெடந்த. துண்ட அலசிக் கட்டலாம்னு ஒரு நாளு தொறந்தேன். பொட்டுத் தண்ணி இல்ல. அடியில உப்பு பூத்துக் கெடந்துது. வத்திப்போச்சின்னா இன்னா அர்த்தம்? அவன் குளிக்க வரப்போறதில்லன்னுதான? வயித்துல புள்ளய வெச்சிக்கினு கீறவகிட்ட நான் எப்டி சொல்வேன்? நானே ஊத்தினேன். வெறுந்தண்ணி ஊத்த மனசு வரல. விடியக்காலையில கடலுக்குப் போவும்போது ஒரு சொம்பு நீராகாரம் குடிப்பானே, அதுல ஒரு கை கலந்து ஊத்தினேன். வத்த வத்த ஊத்திக்கினே இருந்தேன்."

தெய்வநாயகி பானையை விட்டு நிமிர்ந்தாள். "அப்ப இத்தினி நாளும் அவரு இல்லன்னு நெனச்சிக்கினா என்கூட உக்காந்து சோறு துன்ன?"

"நெனச்சிக்கினுதான். எனக்குச் சோறா எறங்கிச்சி?" இருசம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அதான் அந்தப் புள்ளய தொடல. அப்டியே எந்தம்பிய உரிச்சி வெச்சிருக்குது. தொட்டா அழுதுடுவேன். அழுதா நீ இன்னான்னு கேப்ப. அப்பறம் இந்தப் பூச்சி வந்துச்சா, அம்மணி சொன்னாளா, சரி, அவனே வந்துட்டான், இனிமே மறைக்க வேணாம்னு நெனச்சேன். எனக்கு முடியலடி."

இத்தனை மாதமாக வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது இதுதானா? தெய்வநாயகிக்கு வந்த கோபம் திரும்பிப் போக வழி தெரியாமல் நின்றது. கன்னத்தில் நாலு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க நைனா இந்தமாரி கட்டி வெச்சிட்டுப் போனா எப்ப வருவாரு?"

"மூணு நாளு, நாலு நாளு. உப்பு ஏத்திக்கினு வடக்க போனா ஒரு மாசம் ஆவும்."

"பத்தாவியா போனாரா?"

"அப்ப ஏது பத்தாவியா. ஒல்லாந்துக்காரன் வந்து ஏத்திக்கினு போறதுக்கு முன்ன நம்ம ஊட்டுல எவன் அவ்ளோ தூரம் போனான்?"

"அப்ப இந்தப் பானைக்கு இன்னாக்கா தெரியும்? அது ஒரு மாசக் கடலுக்கு வெச்ச பானை. வருசக்கணக்கா வெச்சா வத்தாம இன்னா பண்ணும்? பானை வத்தினதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு?"

இருசம்மாள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். அப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் தெய்வநாயகி பானையைத் தூக்கக் குனிந்ததும் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொட்டாதடி. கொட்டினா அவன் வரமாட்டான்."

"இது அவரு தண்ணி இல்லக்கா. அவரு தண்ணி எப்பவோ காத்துல பூடுச்சி. இது நீ ஊத்தின தண்ணி. அவரு வந்தா இத்தயா தலையில ஊத்துவ, புழுவோட?"

பிடி தளர்ந்தது.

கரைக்குக் கொண்டுபோய்த்தான் கழுவவேண்டும்; இங்கே கொட்டினால் புழு இங்கேயே கிடக்கும். ஆனால் பானையை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் விஷயம் இருந்தது. தோளில் வைத்தால் அது சுடுகாட்டுக்குப் போகிற பானை. கீழே விழுந்து உடைந்தால் கேட்கவே வேண்டாம். தாலி வாங்க வருகிறவர்களுக்கு வேலையே மிச்சம். எண்ணெய்க் கையை மணலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, பானையைத் தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் ஏற்றினாள். வெளிப்பக்கமும் பாசி வழுக்கியது. இரண்டு அடி வைப்பதற்குள் நழுவப் பார்த்தது. அப்போது இன்னொரு கை வந்து பானையின் அடியைத் தாங்கியது.

"நட" என்றாள் இருசம்மாள். "நான் புடிச்சிக்கிறேன்."

தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அம்மணியிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மணி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். இதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவள் அம்மணியே இல்லை.

வழியில், கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில், அங்கமுத்துவும் ஊர்க்காரர்களும் புறப்படத் தயாராக நின்றிருந்தார்கள். ஒரு பானையை இரண்டு பெண்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். தெய்வநாயகி அவர்களுக்கு நேர் எதிரே பானையை மணலில் இறக்கி, திருகி உட்காரவைத்தாள். மேலே போட்டிருந்த துண்டை எடுத்தாள். ஈக்கள் கிளம்பி அங்கமுத்துவின் மீசையில் போய் உட்கார்ந்தன.

"பொறந்த எடம் கேட்டீங்களே மாமா. பாத்துக்கோங்க."

அங்கமுத்து மீசையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார். "இது உங்க ஊட்டு மீதித் தண்ணிப் பானையாச்சே. இதுல எப்டி?"

தெய்வநாயகி வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லவேண்டியவள் அவள் இல்லை. ஊர் முன்னால் ஒரு சொல் சொன்னால் இருசம்மாளின் காலமெல்லாம் அது கூடவே வரும். சொல்லாமல் விட்டால் தன் தாலி போகும். அவள் நாத்தனாரைப் பார்த்தாள்.

"நான்தான் ஊத்தினேன்" என்றாள் இருசம்மாள். குரல் கிழிந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "தண்ணி வத்திடுச்சின்னு நீராகாரம் ஊத்தினேன். புழு வெச்சிட்டுது. அந்தப் பூச்சிதான் இது. எந்தம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வந்து சொன்னது தப்பு. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

"அப்ப துளசிங்கம்?" என்று கேட்டார் கூட்டத்தில் ஒருவர்.

"அவன் செத்தான்னு அவன்கூடப் போனவன் எவனாச்சும் வந்து எங்கிட்ட சொல்லட்டும். அப்ப இவளுக்கு முன்ன நான் மார்ல அடிச்சிக்கினு அழுவேன். அதுவரைக்கும் எவனும் எங்க ஊட்டுப் பொண்ணு கழுத்தப் பாக்காதீங்க."

அங்கமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "ஈதான்" என்று ஊருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அம்மணி மட்டும் போகவில்லை. "எனக்கு அப்பவே தெரியும், அது பானைதான்னு" என்றாள்.

பெண்கள் இரண்டு பேரும் பானையைத் தண்ணீரோரம் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். கொட்டும்போது இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவளே பானைக்குள் கையை விட்டு, மணலைப் போட்டு, தோள்வரை நனையத் தேய்த்தாள். தெய்வநாயகி துண்டைக் கசக்கிப் பிழிந்தாள். எதிரே கோட்டையின் கொடி கச்சான் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கப்பல் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் ஊற்றுக்குழியில் நல்ல தண்ணீர் மொண்டு பானையை நிரப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் தெய்வநாயகி கழியைக் கொடுத்து நெம்ப, இருசம்மாள் தள்ள, கல் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. இருசம்மாள் பானையை எடுத்துக்கொண்டு மாடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல வெக்கட்டா?"

"வேணாம்க்கா. மேல வெச்சா திரும்பப் புழுதான் வெக்கும். தெனமும் இதுலயே மொண்டு குளிக்கலாம். தெனமும் பாதி மிச்சம் வெக்கலாம். மறுநாளு அந்தப் பாதிய முருங்கைக்கு ஊத்திட்டுப் புதுசு புடிக்கலாம். அவரு எந்த நாளு வந்தாலும் அன்னிக்குப் பாதி இருக்கும்."

"வத்திட்டா?"

"வத்தினா ஊத்திக்கலாம்."

இருசம்மாள் அந்தச் சொல்லை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லின்மேல் உட்கார்ந்து, காலிரண்டையும் நீட்டினாள்.

"எங்க அவன்? குடு" என்றாள்.

அம்மணியின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கித் தெய்வநாயகி அந்தக் கால்களின்மேல் கிடத்தினாள். இருசம்மாள் பானையில் மொண்டு முதல் செம்பை மெதுவாக ஊற்றினாள். பிள்ளை அழாமல், பழக்கமில்லாத அந்த முகத்தையே பார்த்தது. அவள் அழுதாள். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே அதன் கழுத்தில், அக்குளில், தொடை மடிப்பில் எல்லாம் தேய்த்துவிட்டாள். என்னவென்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. தண்ணீர் பாதிக்கு வந்ததும் செம்பை நிறுத்தி, தம்பியின் துண்டை எடுத்து, பானையின் வாயில் கட்டினாள்.